சவுக்கு யார் கையில்? ஜெயிக்க வேண்டிய குதிரைகள் தோற்கும்போது தேடப்படும் டிடெக்டிவ் சிட் ஹாலி!

மணமேல்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் பெரும்பாலும் வண்டிப் பந்தயமும் சேர்ந்தே வரும். நம் பக்கத்துச் சொல்லில் எல்கைப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளுக்குப் பிரிவுகள். பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று குதிரைகளுக்கும் உண்டு. போக இத்தனை மைல், வர இத்தனை மைல் என்று எல்கை வைப்பார்கள். கொடி அசைந்ததும் வண்டிகள் பறக்கும். சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் இளவட்டங்கள்.

இங்கே ஒரு குதிரை தோற்றால் காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. லாடம் கழன்றதா, திருப்பத்தில் சாரதி தடுமாறினாரா, பக்கத்து வண்டி குறுக்கே வந்ததா என்று பத்து ஊர் ஜனம் பார்த்திருக்கும். பந்தயம் முடிவதற்குள் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சண்டையோ சமாதானமோ, அன்று சாயங்காலமே முடிந்துவிடும்.

வேலி போட்ட ரேஸ் மைதானத்தில் கதை வேறு. பணம் கட்டியவர் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். லாயத்தில் அதற்கு என்ன கொடுத்தார்கள், நேற்று எவ்வளவு தூரம் ஓட்டினார்கள், ஜாக்கி காதில் யார் என்ன சொன்னார்கள்... எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது சில நிமிட ஓட்டம் மட்டும். அந்த ஓட்டத்தில் ஜெயித்தே தீரும் என்று ஊரே நம்பிய குதிரை ஐந்தாவதாக வந்தால்?

அந்தக் கேள்வியோடு கதவைத் தட்டுகிறவர்களுக்காகவே ஆங்கிலத் துப்பறியும் கதையில் ஒருவர் இருக்கிறார். பெயர் சிட் ஹாலி. முன்னாள் சாம்பியன் ஜாக்கி, இந்நாள் பிரைவேட் டிடெக்டிவ். இடது கை கிடையாது. அவரைப் படைத்தவர் டிக் ஃபிரான்சிஸ். ஹாலி வரும் நாவல்களில் பலரும் முதலிடம் கொடுப்பது 1979ல் வந்த 'விப் ஹேண்ட்'. சவுக்கு பிடித்திருக்கும் கை என்று பொருள். ஆட்டுவிப்பவன் கை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாளி தண்ணீர் போதும்

நாவலுக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. ரேஸ் பக்கமே போகாதவர்களுக்கும் இது புரிந்தால்தான் கதையில் ருசி.

எட்டுக் குதிரைகள் ஓடுகின்றன. எல்லோரும் நம்பும் ஃபேவரைட் குதிரை மேல் மட்டும் 10 லட்ச ரூபாய் விழுகிறது. மற்ற ஏழின் மேலும் சேர்த்து 2 லட்சம். பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் கையில் மொத்தம் 12 லட்சம். ஃபேவரைட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று விலை. அது ஜெயித்தால் முதலும் லாபமுமாக 20 லட்சம் எண்ணி வைக்க வேண்டும். புக்கிக்கு 8 லட்சம் நஷ்டம். அது தோற்று, வெறும் 20,000 ரூபாய் கட்டப்பட்ட ஏதோ ஒரு குதிரை ஒன்றுக்குப் பத்து விலையில் ஜெயித்தால், கொடுக்க வேண்டியது 2,20,000. மீதி 9,80,000 புக்கிக்கு.

நேர்மையான புக்கி இந்த ஆபத்தைச் சமாளிக்க விலையைக் குறைப்பார், கொஞ்சம் பணத்தை வேறு புக்கிகளிடம் தள்ளிவிடுவார். நேர்மையில்லாதவருக்கு அந்தத் தொல்லை எதற்கு? அந்த ஒரு குதிரை தோற்றால் போதும் அவருக்கு.

இங்கேதான் விஷயம். ஒரு குதிரையை உறுதியாக ஜெயிக்க வைக்க யாராலும் முடியாது. தோற்க வைப்பதோ ரொம்பச் சுலபம். ஓடுவதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால் போதும். முதல்நாள் அதிகாலைப் பயிற்சியில் தேவைக்கு மேல் ஓட்டலாம். ஜாக்கி கிளம்பும்போது அரை நொடி தாமதிக்கலாம். கூட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டு வழி கிடைக்கவில்லை என்று கைவிரிக்கலாம். ஜெயித்த குதிரையிடம் சிறுநீர், ரத்தம் எடுத்துச் சோதிப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. சந்தேகமாகத் தோற்ற ஃபேவரைட்டுக்கும் சோதனை வைக்கலாம். ஆனால் ஒரு வாளி தண்ணீரை எந்த லேப் கண்டுபிடிக்கும்?

கொலை நடந்தால் பிணம் இருக்கும். திருடு போனால் காலிப் பெட்டி இருக்கும். இந்தக் குற்றத்தில் மிஞ்சுவது ஒரு தோல்வி மட்டும். தோற்பது குற்றமில்லையே!

நரியும் பரியும்

தோற்க வைப்பது ஒரு வகை. இன்னொரு வகை, ஆள்மாறாட்டம். ஒரு குதிரையின் பெயரில் வேறொன்றை ஓட விடுவது. இதைச் சொல்லும்போது மணமேல்குடிக்காரர்களுக்குப் பக்கத்துத் தாலுகா ஞாபகம் வராமல் இருக்காது.

ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய கஜானாப் பணத்தோடு கிழக்குக் கடற்கரைக்கு வந்த அமைச்சர் வாதவூரர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, அவ்வளவையும் கோயில் திருப்பணிக்குச் செலவழித்து மாணிக்கவாசகர் ஆன கதை நமக்குப் பாட்டி சொன்னது. ராஜா கணக்குக் கேட்கிறார். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று பதில் போகிறது. சிவனே குதிரைச் சேவகனாகக் குதிரைகளை ஓட்டி வருகிறார். ராஜா லட்சணம் பார்த்து, கயிறு மாற்றி, லாயத்தில் கட்டுகிறார். ராத்திரி அத்தனையும் நரியாக மாறி, ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போகின்றன. (திருவிளையாடலை மோசடி கேஸாக ஆக்குகிறேன் என்று பக்தர்கள் கோபிக்க வேண்டாம். அது லீலை.) ஆனால் அந்தக் கயிறு மாற்றும் இடத்தைக் கவனியுங்கள். கயிறு கைமாறினால் பொறுப்பும் கைமாறியது என்பது சந்தை வழக்கம். குதிரை வாங்குகிறவனின் பயம் எவ்வளவு பழையது என்று அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது.

பயத்துக்கு நிஜமான காரணமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவை சீக்கிரமே சாவதையும் எழுதிவைத்திருக்கிறார். குதிரை விற்கிற வணிகர்கள், லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை இங்கே கூட்டிவராமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப் இன்னொன்று சொல்கிறார்: வருஷத்துக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று ஒப்பந்தம், கப்பலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் உண்டு. இப்படி ஓர் ஒப்பந்தத்தைப் பார்த்தால் எந்தத் துப்பறியும் எழுத்தாளருக்கும் கை அரிக்கும்.

இங்கிலாந்தில் இதே நரி-பரி வேலை 1844ல் நடந்தது. எப்சம் டெர்பி, மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். ஜெயித்த குதிரையின் பெயர் ரன்னிங் ரெய்ன். ஆனால் ஓடியது அது இல்லை, மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. குதிரைக்கு அந்த வயதில் ஒரு வருஷம் என்பது எட்டாம் வகுப்புப் பையன்களோடு காலேஜ் பையனை ஓடவிடுவது மாதிரி. இதை விடாமல் தோண்டியவர் போலீஸ்காரர் இல்லை. லார்ட் ஜார்ஜ் பென்டிங்க் என்ற ரேஸ் பிரமுகர். சாட்சிகளைத் தேடி அலைந்தார், சாயம் வாங்கிய கடை வரைக்கும் போனார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: குதிரையைக் கொண்டுவாருங்கள், பல்லைப் பார்ப்போம். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற அதே யோசனை. குதிரை வரவே இல்லை. மாயமாகிவிட்டது. வழக்குப் போட்டவர் பின்வாங்க, இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்கு வெற்றி கொடுக்கப்பட்டது.

140 வருஷம் கழித்து, 1984 ஆகஸ்ட் 18, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். ஃபைன் காட்டன் என்ற சுமாரான குதிரையின் பெயரில் போல்ட் பர்சனாலிட்டி என்ற நல்ல குதிரையை இறக்கினார்கள். இரண்டுக்கும் நிறமே வேறு. தலைமுடிச் சாயம் பூசி, காலில் வெள்ளைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தார்கள். ரகசியம் எப்படியோ கசிந்து, ஊரே வந்து பணம் கட்ட, ஒன்றுக்கு 33 என்று இருந்த விலை இரண்டுக்கு ஏழு என்று சரிந்தது. குதிரை மயிரிழையில் ஜெயித்தது. ஆனால் கூட்டம் ஆள்மாறாட்டம் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. குதிரையும் தகுதி நீக்கம். பிரிஸ்பேன் கூட்டத்திடம் ஒரு மணமேல்குடித்தனம் இருந்திருக்கிறது.

வேலிக்கு உள்ளேயிருந்து வந்தவர்

குதிரைப் பந்தயத் துப்பறியும் கதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஷெர்லாக் ஹோம்ஸின் 'சில்வர் பிளேஸ்'. 1892ல் வந்தது. காணாமல்போன பந்தயக் குதிரை, செத்துக் கிடக்கும் பயிற்சியாளர், ராத்திரி குரைக்காத நாய். அருமையான கதை. ஆனால் கானன் டாயலே பின்னாளில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார், தனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது என்று. கதையில் வருவதுபோல நடந்துகொண்டால் பாதிப் பேர் ஜெயிலில் இருப்பார்கள், மீதிப் பேருக்கு மைதானத்துக்குள் நுழையவே தடை போட்டிருப்பார்கள் என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகை கிண்டலடித்ததாம்.

டிக் ஃபிரான்சிஸிடம் அப்படி யாரும் கிண்டல் பண்ண முடியாது. 1920ல் வேல்ஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை. பிறகு ஜாக்கி, வேலி தாண்டி ஓடும் பந்தயங்களில் 350க்கும் மேற்பட்ட வெற்றிகள், 1953-54ல் சாம்பியன். ராணி எலிசபெத்தின் தாயார் வைத்திருந்த குதிரைகளை ஓட்டியவர்.

1956 மார்ச் 24. கிராண்ட் நேஷனல். நாலு மைலுக்கு மேல் தூரம், 30 தடைகள். ராஜ குடும்பத்துக் குதிரை டெவன் லாக் மேல் ஃபிரான்சிஸ். எல்லாத் தடையும் தாண்டியாயிற்று. பின்னால் வருகிற குதிரைக்கும் இதற்கும் நல்ல இடைவெளி. வெற்றிக் கம்பத்துக்கு ஐம்பது கெஜம்கூட இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் டெவன் லாக் திடீரென்று முன்னங்கால்களைத் தூக்கித் தாவுவதுபோல ஒரு அசைவு காட்டி, வயிறு தரையில் பட விழுந்தது. கூடவே வந்த ஈ.எஸ்.பி என்ற குதிரை தாண்டிப் போய் ஜெயித்தது. டெவன் லாக் எழுந்து நின்றது. ஒரு காயமும் இல்லை.

ஏன் விழுந்தது? இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. தசை பிடித்துக்கொண்டது என்றார்கள். பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தடையின் நிழலைப் பார்த்துத் தாவியது என்றார்கள். ஃபிரான்சிஸ் நம்பியது வேறு: ராஜ குடும்பத்துக் குதிரை ஜெயிக்கப்போகிறதென்று லட்சக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில் எழுப்பிய இரைச்சல், அந்த மிருகத்தைக் கலங்கடித்துவிட்டது. அந்த ஓட்டத்தின் பழைய பிலிம் யூடியூபில் இருக்கிறது. பார்க்கும்போதே வயிற்றைப் பிசையும்.

அடுத்த வருஷமே அவர் ஜாக்கி வேலையை விட்டார். சுயசரிதை எழுதினார், 'சன்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் 16 வருஷம் ரேஸ் நிருபராக இருந்தார். வீட்டுச் செலவுக்குப் போதவில்லை என்று 1962ல் முதல் நாவல் 'டெட் செர்ட்'. அதன்பின் கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒன்று. மொத்தம் 40க்கும் மேல். மனைவி மேரி ஒவ்வொன்றுக்கும் கூட உழைத்தார். விமானம் வரும் கதைக்காகப் பறக்கக் கற்று, பைலட் லைசென்ஸே வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றமே நடக்காத ஒரு தோல்வியால் வாழ்க்கை திரும்பிய மனிதர், மிச்ச வாழ்நாள் முழுக்கக் குதிரைகள் தோற்பதற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் நாவல்களை டெவன் லாக்கை மறந்துவிட்டுப் படிக்க முடியவில்லை.

குறி குதிரைக்கு இல்லை, மைதானத்துக்கு

சிட் ஹாலி முதலில் வந்தது 1965ல், 'ஆட்ஸ் அகைன்ஸ்ட்' நாவலில். பந்தயத்தில் விழுந்து இடது கை நசுங்கி, ஜாக்கி வாழ்க்கை முடிந்து, ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியில் பெயருக்கு உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான். வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்.

கேஸ் என்ன தெரியுமா? சீபரி என்ற ரேஸ் மைதானம் தொடர்ந்து கெட்ட நேரத்தில் மாட்டிக்கொள்கிறது. ரசாயனம் ஏற்றிய டேங்கர் லாரி மைதானத்தில் கவிழ்ந்து புல் கருகுகிறது. பந்தயங்கள் ரத்தாகின்றன. வருமானம் போகிறது. இன்னொரு பக்கம் யாரோ சத்தமில்லாமல் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குதிரையில் யாருக்கும் அக்கறை இல்லை. வீடு கட்டி விற்க அந்த நிலம் வேண்டும்.

இதைச் சென்னையில் உட்கார்ந்து படித்தால் கிண்டி ஞாபகம் வரும். கதையில் வருவது தனியாரின் சதி, கிண்டியில் நடப்பது அரசுக்கும் கிளப்புக்குமான வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ரேஸை விட ரேஸ் ஓடும் மண் பெரிய விஷயமாகிவிடும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். கிண்டியில் 1777லிருந்து குதிரை ஓடியிருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல் அமைந்தது. 1946ல் எழுதிய 99 வருஷக் குத்தகையில் சுமார் 160 ஏக்கர் நிலத்துக்கு வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம்! வாடகை பாக்கி 730 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்ன தமிழக அரசு, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. அதே வருஷம் ஊட்டியிலும் 52 ஏக்கர் ரேஸ் மைதானம் அரசின் கைக்கு வந்தது.

கிண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரேஸ் சூதாட்டமா இல்லையா என்று இந்தியா முழுமைக்கும் பதில் வந்தது இந்த மைதானத்து வழக்கில்தான். பணம் வைத்து ரேஸ் ஆடுவதைத் தடுக்கும் 1949ஆம் வருஷச் சட்டத்தை 1975ல் தமிழக அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. 1986ல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். ரேஸுக்குப் போய் வீட்டை இழந்தவர், தாலியை அடகு வைத்தவர் என்று அப்போது தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு கதை இருந்தது. அரசின் காரணமும் அதுதான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை; குதிரையின் வம்சம், உடல், பழைய ஓட்டங்கள், ஜாக்கியின் திறமை எல்லாவற்றையும் எடைபோடுகிற திறமை விளையாட்டு.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். மாசக்கணக்கில் குதிரைகளைக் கவனித்து, ரேஸ் புத்தகத்தில் பென்சிலால் குறித்து, கணக்குப் போட்டு ஒருவர் 500 ரூபாய் கட்டுகிறார். ஓட்டம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தால் அந்தத் திறமைக்கு என்ன மதிப்பு? ரேஸில் ஊழல் என்பது பணத்தைத் திருடுவதற்கு முன்னால் இதைத் திருடிவிடுகிறது. ஹாலி அதனால்தான் ஒவ்வொரு சந்தேகத் தோல்வியையும் தன் வீட்டுத் திருட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார்.

பயந்து ஓடிய டிடெக்டிவ்

இனி 'விப் ஹேண்ட்'. சிட் ஹாலியைத் தொலைக்காட்சித் தொடரில் மைக் க்விலிம் என்ற நடிகர் செய்ததைப் பார்த்து, இந்த மனிதனுக்கு இன்னொரு கதை பாக்கி இருக்கிறது என்று ஃபிரான்சிஸுக்குத் தோன்றி எழுதியது இது. இங்கிலாந்தில் கோல்ட் டேகர், அமெரிக்காவில் எட்கர் என இரண்டு பெரிய விருதுகளும் இந்த ஒரே நாவலுக்குக் கிடைத்தன.

ஹாலியின் இடது கை இப்போது பேட்டரியில் இயங்கும் செயற்கைக் கை. முழங்கைக்குக் கீழே தசை அசைந்தால் விரல் மூடும், திறக்கும். காபி கோப்பை பிடிக்கலாம். பேட்டரி தீர்ந்தால் பிடித்தபடியே நின்றுவிடும். அந்தக் கையோடு படும் சங்கடங்களை ஃபிரான்சிஸ் ஒரு வரி, அரை வரியில் சொல்லிக்கொண்டே போகிறார். எங்கேயும் நம்மை அழவைக்கப் பார்ப்பதில்லை.

பிரபல பயிற்சியாளர் ஒருவரின் மனைவி, தலையில் விக் மாட்டி, அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஹாலியைத் தேடி வருகிறார். இரண்டு வயதில் பிரமாதமாக ஓடிய குதிரைகள் மூன்று வயதில் திடீரென்று சோர்ந்துபோகின்றன. சோதனையில் எந்த மருந்தும் இல்லை. அடுத்து ட்ரை-நைட்ரோ என்ற குதிரை ஓடப்போகிறது. அதற்கும் இந்தக் கதி வந்துவிடும் என்று பயம். கணவரிடம் சொன்னால் சிரிக்கிறார். இது ஒரு கேஸ். ரேஸ் நிர்வாகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குள்ளேயே யாரோ விலைபோயிருக்கிறார்கள் என்பது இன்னொரு கேஸ். விவாகரத்தான மனைவி ஒரு போலி அறக்கட்டளைக்காரனிடம் ஏமாந்து போலீஸ் சிக்கலில் மாட்டியிருப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கையால் இழுத்துக்கொண்டு போகிறார் ஹாலி.

நாவலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. கோட் சூட் போட்ட பெரிய புக்கி ட்ரெவர் டீன்ஸ்கேட். ஹாலியைக் கட்டிப்போட்டு, மிச்சமிருக்கும் வலது கை மணிக்கட்டில் துப்பாக்கியை வைத்து அவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: அந்தப் பந்தயம் முடியும் வரை இங்கிலாந்தில் இருக்காதே. இருந்தால் இந்தக் கையும் போகும்.

நம் ஹீரோக்கள் என்ன செய்வார்கள்? தமிழ்வாணனின் சங்கர்லால் ஒரு கப் தேநீரைக் குடித்துவிட்டுத் தப்பும் வழியைக் கண்டுபிடித்திருப்பார். தேவனின் சாம்பு தெரியாத்தனமாக எதையாவது இடறி வில்லனைப் பிடித்துக் கொடுத்திருப்பார். சுஜாதாவின் வசந்த் ஒரு கமென்ட்டாவது அடித்திருப்பார். சிட் ஹாலி பயப்படுகிறார். நிஜமாகவே பயந்து, பாரிஸுக்குப் போய் ஓர் ஓட்டல் அறையில் உட்கார்ந்துகொள்கிறார். அங்கே இருக்கும்போதே அந்தக் குதிரை ஓடுகிறது. தோற்கிறது.

துப்பறியும் நாவலில் துப்பறிபவர் கேஸை விட்டு ஓடிப்போவதை நான் வேறெங்கும் இவ்வளவு கூச்சமில்லாமல் படித்ததில்லை. திரும்பி வந்த பிறகு யாருக்கும் அவர் ஓடியது தெரியாது. அவருக்குத் தெரியும். அதுதான் மிச்ச நாவல்.

யோசித்துப் பார்த்தால், அந்த புக்கி குதிரைக்குச் செய்ததைத்தான் மனிதனுக்கும் செய்கிறார். வெளியே ஒரு காயமும் தெரியாது. சோதித்தால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே ஓடுகிற ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். தோல்வியை நிரூபிக்க அதைப் புரிந்துகொண்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைப் பயமுறுத்திவிட்டால் வேலை முடிந்தது. குதிரைகளுக்கு என்ன செய்தார்கள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மருந்து இல்லை என்று மட்டும் சொல்லலாம். ஹாலி எப்படி எழுந்தார் என்பதும் நீங்களே படிக்க வேண்டியது. கடைசிக் காட்சியில் அந்தத் துப்பாக்கி திரும்ப வருகிறது.

கொஞ்சம் குறையும் உண்டு. மூன்று கேஸ்களில் மனைவி சம்பந்தப்பட்டது அவ்வளவாக ஒட்டவில்லை. பலூனில் பறக்கும் ஒரு நீண்ட துரத்தல் வருகிறது. ஜாலியாக இருக்கிறது, கதைக்குத் தேவையா என்றால் சந்தேகம்தான்.

1995ல் ஹாலி மறுபடி வந்தார், 'கம் டு க்ரீஃப்' நாவலில். இந்தத் தடவை சந்தேகம் சொந்த நண்பன் மேலேயே. ஊரே கொண்டாடும் டிவி பிரபலம். அவரைக் குற்றம் சொன்னதற்காகப் பத்திரிகைகள் ஹாலியைக் கிழிக்கின்றன. அதில் ரத்தப் புற்றுநோயோடு போராடும் ஒரு சிறுமி வருகிறாள்; அவளுடைய குட்டிக் குதிரைக்கு நடப்பது கொடூரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம். அதற்கும் எட்கர் கிடைத்தது. 2006ல் 'அண்டர் ஆர்டர்ஸ்' நான்காவது. 2010 பிப்ரவரியில், 89 வயதில், ஃபிரான்சிஸ் காலமானார்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: முதலில் 'ஆட்ஸ் அகைன்ஸ்ட்', உடனே 'விப் ஹேண்ட்'. ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் சின்னவை. பிளஸ் டூ படிக்கிறவர்கள்கூட அகராதி இல்லாமல் சமாளிக்கலாம். முதல் 30, 40 பக்கங்களில் பிரிட்டிஷ் ரேஸ் சொற்கள் கொஞ்சம் முட்டுக்கட்டை போடும். மேலே சொன்ன புக்கி கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் தாண்டிவிடலாம். கதை முடியும் வரை விக்கிபீடியா பக்கம் மட்டும் போகாதீர்கள். ட்ரை-நைட்ரோவுக்கு என்ன ஆனது என்பதை அங்கே சொல்லிவிட்டிருக்கிறார்கள்.